அமெரிக்கன் ஃபுட்பாலின் தொடக்ககாலத் தொழில்முறை வீரர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

ஃபிரிட்ஸ் போலார்ட். இந்தக் கேள்விக்கு எனக்கு வேறு பெயர் தோன்றுவதே இல்லை.

1894-ல் சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், ஏறக்குறைய 75 கிலோ எடை. ஆள் சிறியவர்தான், ஆனால் பந்தோடு ஓட ஆரம்பித்துவிட்டால் மடக்குவது கஷ்டம். 1916 புத்தாண்டு அன்று பிரவுன் பல்கலைக்கழகத்துக்காக ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்தில் ஆடினார்.

அப்புறம் ஒஹாயோவில் உள்ள ஆக்ரன் நகரத்துக்கு வந்து, ஆக்ரன் ப்ரோஸ் அணியில் சேர்ந்தார். இன்று என்எஃப்எல் என்கிறோமே, அமெரிக்கன் ஃபுட்பாலின் அந்தத் தொழில்முறை லீக் 1920-ல் தொடங்கியபோது முதல் சாம்பியன் அந்த அணிதான். ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனால் அணியின் நட்சத்திரத்துக்கு மற்றவர்களோடு சேர்ந்து உடை மாற்றக்கூட வழியில்லை. உரிமையாளரின் சுருட்டுக் கடையில் சீருடை போட்டுக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குக் காரில் மைதானத்துக்குப் போவார். கூட்டம் வசை பாடும், கல்லும் எறியும். கீழே விழுந்தால் எதிரணியினர் வேண்டுமென்றே மேலே வந்து விழுவார்கள். அதனால் விழுந்த உடனே மல்லாந்து புரண்டு, கால்களை மேலே தூக்கி உதைக்கப் பழகிக்கொண்டார். ஓர் ஆட்டக்காரர் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள இப்படியெல்லாம் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

1921-ல் அதே அணிக்கு ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்தார். லீக்கின் முதல் கறுப்பினத் தலைமை கோச் அவர்தான். பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற பால் ராப்சன் அந்த வருடம் அவரோடு ஆடினார்.

1926-க்குப் பிறகு போலார்டுக்கு லீக்கில் இடமில்லை. 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட அங்கே ஆடவில்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. உரிமையாளர்கள் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். போலார்ட் சும்மா இருக்கவில்லை. சிகாகோவில் கறுப்பின வீரர்களை மட்டும் வைத்தே ஓர் அணியை உருவாக்கினார், பிறகு நியூயார்க்கில் பிரவுன் பாம்பர்ஸ் அணிக்குக் கோச்சாக இருந்தார்.

92 வயதில், 1986-ல் அவர் இறந்தபோதுகூட என்எஃப்எல்லில் அவருக்கு அடுத்த கறுப்பினத் தலைமை கோச் வந்திருக்கவில்லை. 1989-ல்தான் ஆர்ட் ஷெல் வந்தார். ஆக்ரனுக்குப் பக்கத்திலேயே கான்டன் நகரில் இருக்கும், இந்த ஆட்டத்தின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் போலார்டைச் சேர்த்தது 2005-ல். அவர் உயிரோடு இருந்தபோதே செய்திருக்க வேண்டியது அது.