மெக்கன்சி யார் வீட்டுப் பிள்ளை?

வணக்கம் ஐயா,

என் மகள் ஸ்காட்லாந்தில் இன்வெர்னஸ் நகரத்தில் நர்ஸாக வேலை செய்கிறாள். அவளுடைய வார்டில் மட்டும் நான்கு மெக்கன்சிகள். இரண்டு பேர் நர்ஸ், ஒருவர் டாக்டர், ஒருவர் துப்புரவு வேலை பார்ப்பவர். நீங்களெல்லாம் சொந்தமா என்று கேட்டால் இல்லை என்று சிரிக்கிறார்களாம். நம் ஓலைச்சுவடிகளைச் சேகரித்த கர்னல் மெக்கன்சியும் இந்தக் கூட்டம்தானா? இது நம் சாதிப் பெயர் மாதிரியா, குடும்பப் பெயரா? இன்னொரு சந்தேகம். பெயரின் முதலில் வரும் ‘மாக்’ என்றால் மகன் என்று மகள் சொன்னாள். அது நம் ‘மகன்’ என்ற சொல்லேதான் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?

க., திருச்சி


அன்புள்ள க.,

வாட்ஸப் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். ‘மாக்’ என்றால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் மகன்தான். ஆனால் அது நம் மகன் இல்லை. அயர்லாந்தில் ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன்னால், கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டிய ஓகம் கல்வெட்டுகள் இருக்கின்றன. ‘இன்னாருடைய மகனின்’ என்ற பொருளில் அவற்றில் ‘மக்வி’ என்ற சொல் வருகிறது. அதே மூலச் சொல் வேல்ஸ் நாட்டு மொழியில் ‘மாப்’ ஆகி, பிறகு ‘அப்’ என்று தேய்ந்தது. ‘அப் ரீஸ்’ என்பதுதான் இன்று பிரைஸ், ‘அப் ஹவல்’ என்பதுதான் பவல். பழைய ‘க்வ’ ஒலி ஒரு பக்கம் ககரமாகவும் மறுபக்கம் பகரமாகவும் போயிருக்கிறது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு பின்னால் போனாலும் நம் ‘மக’ என்ற வேர் குறுக்கே வருவதில்லை. ஒலி ஒத்துப்போனது தற்செயல். தமிழின் பெருமைக்கு இந்தச் சொல் தேவையும் இல்லை.

சரி, பெயருக்கு வருவோம். மெக்கன்சி என்றால் கொன்யஃ என்பவனின் மகன். கடைசி ஒலியை ஆய்தம் மாதிரித் தொண்டையில் உரசிச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் அதைக் கென்னத் ஆக்கிவிட்டார்கள். அழகன் என்று பொருள் சொல்வார்கள். அப்படியென்றால் கடைசியில் இருக்கும் ‘சி’ எங்கிருந்து வந்தது? பழைய ஸ்காட் கையெழுத்தில் ‘யோக்’ என்று ஓர் எழுத்து இருந்தது. பார்க்க 3 மாதிரி இருக்கும். ‘ன்’ ஒலிக்குப் பின்னால் அது வந்தால் கிட்டத்தட்ட நம் ஞகர ஒலி. அச்சு வந்தபோது அச்சுக்கோப்பவர்களிடம் அந்த எழுத்து இல்லை. உருவத்தில் ஒத்திருந்த ‘இசட்’டை எடுத்து வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் இசட்டை இசட்டாகவே படித்துவிட்டார்கள். பழைய உச்சரிப்பைத் தமிழில் எழுதினால் ‘மக்கெஞ்ஞி’ என்று சுலபமாக எழுதிவிடலாம். நம்மிடம் அதற்கு எழுத்து இருக்கிறது. ‘மென்சிஸ்’ என்று எழுதப்படும் இன்னொரு ஸ்காட்லாந்துப் பெயரைப் பழைய முறை தெரிந்தவர்கள் இன்றும் ‘மிங்கிஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அதிலும் அதே எழுத்துதான். நம் ழகரத்தை இங்கிலீஷில் எழுதப் போய் என்ன பாடுபடுகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. மெக்கன்சிகள் எல்லாரும் ஒரே குடும்பமா?

ஒரு காலத்தில் மலைநாட்டு ஸ்காட்லாந்தில் சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம் இனிஷியல் மாதிரிதான். டோனல்டின் மகன் மர்டோ, மர்டோவின் மகன் இயன். தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கும். நிலப் பத்திரம், வாடகைக் கணக்கு, சர்ச் பதிவு, ராணுவப் பட்டியல் எல்லாம் வந்தபோது அந்தத் தாள்களில் மாறாத ஒரு பெயர் தேவைப்பட்டது. பாஸ்போர்ட் படிவத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டத்துக்கு முன்னால் நாம் பேனாவோடு யோசிக்கிறோமே, அதே இடம். அங்கே பலர் எழுதியது, தாங்கள் யாருடைய நிலத்தில் உழுது யாருடைய காவலில் வாழ்ந்தார்களோ அந்தத் தலைவனின் பெயரை. கொன்யஃ என்ற ஒருவரின் வம்சம் கிண்டெயில் மலைப்பகுதியில் தலையெடுத்தது உண்மை. ஆனால் அந்தப் பெயரைச் சுமக்கும் எல்லாருமே அவர் ரத்தம் இல்லை.

ஃபிரேசர் குலத்தில் ‘மாவு ஃபிரேசர்கள்’ என்றே ஒரு சொல் உண்டு. ஒரு ‘போல்’ ஓட்ஸ் மாவு, அதாவது சுமார் 63 கிலோ, வாங்கிக்கொண்டு ஃபிரேசர் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கு வந்த பெயர் அது. வறண்ட வருஷத்தில் வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது 63 கிலோ மாவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நேர் எதிர் மக்ரே குடும்பங்கள். மெக்கன்சி தலைவர்களுக்காக மக்ரேக்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள். ‘மெக்கன்சியின் இரும்புச் சட்டை’ என்றே அவர்களுக்குப் பெயர். ஆனாலும் தங்கள் பெயரை அவர்கள் விடவில்லை. 1778-ல் மெக்கன்சி தலைவரான சீஃபோர்த் பிரபு ஒரு படை திரட்டினார். அதில் மக்ரேக்கள் ஏராளம். எடின்பரோ அருகே துறைமுகத்தில் கப்பல் ஏறச் சொன்னபோது, தங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு பரவி, சம்பள பாக்கியும் சேர்ந்துகொள்ள, படையில் பாதிக்கு மேல் ஊருக்கு வெளியே உள்ள குன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சமாதானம் பேசி இறக்கினார்கள். மூன்று வருஷம் கழித்து அதே படை இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. வழியிலேயே பிரபு இறந்தார். 1782 ஏப்ரலில் கப்பல்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, கிளம்பிய சுமார் 1,100 பேரில் துப்பாக்கி பிடிக்கத் தெம்புள்ளவர்கள் 369 பேர். மற்றவர்களைக் கடலில் ஸ்கர்வி நோய் அடித்துவிட்டது. மெக்கன்சி பெயர் கூட்டமாக நம் கரைக்கு வந்தது இப்படித்தான்.

அடுத்த வருஷம், 1783-ல், அதே சென்னைக்கு வந்தவர்தான் நீங்கள் கேட்ட கர்னல் காலின் மெக்கன்சி. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊர்க்காரர். அப்பா மர்டோ வியாபாரி, தபால் வேலையும் பார்த்தவர். காலின் அங்கே சுங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, ஏறக்குறைய முப்பது வயதில் கிளம்பி வந்தார். லூயிஸ் தீவு ஆதியில் மெக்கன்சிகளின் இடமே இல்லை. அது மக்லவுட் குலத்தின் சொத்து. அரசர் ஆறாம் ஜேம்ஸ் 1598-ல் அதை ஃபைஃப் பகுதி வியாபாரக் கூட்டம் ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். தீவுக்காரர்கள் அவர்களை நிலைக்கவிடவில்லை. 1610-ல் கிண்டெயில் மெக்கன்சி அந்த உரிமையை வாங்கித் தீவைக் கைப்பற்றினார். அதற்குப் பிறகுதான் அங்கே மெக்கன்சி என்ற பெயர் பெருகியது. ஆகவே நம் காலின் எந்தக் கிளை என்று நூல் பிடித்துப் போனால், ரத்தத்தோடு சேர்த்து ஒரு நில ஆக்கிரமிப்பும் அந்தப் பெயரில் இருக்கும்.

தாமஸ் ஹிக்கி 1816-ல் வரைந்த ஓவியத்தில் அவரைப் பார்க்கலாம். சிவப்புக் கோட்டில் உயரமாக நிற்கிறார். சுற்றி மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, ஒருவர் கையில் தொலைநோக்கி. தூரத்தில் குன்றின் மேல் கோமடேஸ்வரர் சிலை. எனக்கு அந்தப் படத்தில் கண் போவது எப்போதும் அந்த மூவரிடம்தான். அவருக்குச் சுவடிகளைத் தேடி, படித்து, விளக்கியவர்களில் முக்கியமானவர்கள் காவலி போரய்யா, காவலி லட்சுமய்யா என்ற தெலுங்குச் சகோதரர்கள். ‘காவலி’ என்பது அவர்கள் வீட்டுப் பெயர். தெலுங்கில் அது முன்னால் வரும், ஸ்காட்லாந்தில் பின்னால் வருகிறது, அவ்வளவுதான். இன்று ‘மெக்கன்சி சுவடிகள்’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அவற்றில் பெரும்பகுதி இருக்கிறது. காவலி என்ற பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நியாயம்.

சாதிப் பெயர் மாதிரியா என்று கேட்டிருந்தீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றும். குலத்தை அவர்கள் ‘க்ளான்’ என்பார்கள்; அந்தச் சொல்லுக்கே கேலிக்கில் பிள்ளைகள் என்றுதான் அர்த்தம். ஆனால் சாதியின் முதுகெலும்பு கல்யாணக் கட்டுப்பாடு. அது இங்கே இல்லை. மெக்கன்சி மெக்கன்சியைத்தான் கட்ட வேண்டும் என்று விதியில்லை. தலைவர் வீட்டுப் பெண்கள் வேறு குலங்களுக்குப் போனார்கள், வேறு குலத்துப் பெண்கள் இங்கே வந்தார்கள். தொழில் கட்டுப்பாடும் கிடையாது. பிரபுவும் மெக்கன்சி, அவர் நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டவரும் மெக்கன்சி. உங்கள் மகள் வார்டில் டாக்டரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே பெயரோடு இருப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமே இல்லை.

அதற்காக எல்லாரும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் பொதுவாக இருந்தது, நிலம் பொதுவாக இல்லை. மேற்குக் கரையில் கோய்கா என்ற இடம், குரோமார்ட்டி மெக்கன்சிகளின் எஸ்டேட். 1852, 53-ல் அங்கே குத்தகை விவசாயிகளை வெளியேற்ற நோட்டீஸ் கொண்டுவந்தார்கள். எஸ்டேட்டின் வாரிசு ஆன் ஹே-மெக்கன்சி, ஒரு பெரிய பிரபுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போயிருந்தவர். நோட்டீஸ் கொண்டுவந்த அதிகாரிகளை ஊர்ப் பெண்கள்தான் மறித்தார்கள். தாள்களைப் பிடுங்கி எரித்தார்கள். திரும்பத் திரும்ப வந்தும் முடியாமல் எஸ்டேட் பின்வாங்கியது. ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். மலைநாட்டில் ஆடு வளர்ப்புக்காக ஊர் ஊராகக் காலி செய்யப்பட்ட காலத்தில் இப்படி ஜெயித்தவர்கள் மிகக் குறைவு. அட்லாண்டிக்குக்கு அப்பால் இன்னும் மோசம். கரீபியன் தீவுகளில் ஸ்காட்லாந்துப் பெயர்களோடு இருக்கும் கறுப்பின மக்கள் பலருக்கு அந்தப் பெயர், தங்கள் முன்னோரை அடிமையாக வைத்திருந்த தோட்ட முதலாளிகளிடமிருந்து வந்தது. கடைசி சீஃபோர்த் பிரபுவே பார்படோஸில் கவர்னராக இருந்தவர், தென்னமெரிக்காவின் பெர்பீஸில் தோட்டம் வைத்திருந்தவர்.

அந்த பிரபுவின் மகள் மேரி கதையையும் சொல்லிவிடுகிறேன். பெயர் ரத்தத்தோடு போவதைவிட நிலத்தோடு போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மேரியின் கணவர் கப்பற்படைத் தளபதி சாமுவேல் ஹுட். சென்னையில் 1814 டிசம்பர் 24 அன்று காய்ச்சலில் இறந்தார். அடுத்த மூன்று வாரத்துக்குள் பிரிட்டனில் அப்பாவும் போய்விட்டார். நான்கு சகோதரர்கள் அதற்கு முன்பே இறந்திருந்தார்கள். கடிதம் கடல் கடந்து வர மாதங்கள் ஆகும் காலம். கணவரை இழந்தவர், தான் குலத்தின் வாரிசு ஆகிவிட்டதே தெரியாமல் இருந்திருக்கிறார். ஊர் திரும்பி இரண்டாவதாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவரை மணந்தார். மாப்பிள்ளைதான் மனைவியின் பெயரைச் சேர்த்துக்கொண்டு ஸ்டூவர்ட்-மெக்கன்சி ஆனார். 1837 முதல் 1841 வரை இலங்கையின் கவர்னராக இருந்தவர் அவர். கணவர் இறந்த அடுத்த வருஷம், 1844-ல், மேரி லூயிஸ் தீவையே சுமார் 1,90,000 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் ஜேம்ஸ் மேத்சன், சீனாவில் அபினி வியாபாரத்தில் சம்பாதித்தவர். தீவு கைமாறியது. அதில் இருந்த மெக்கன்சிகள் மெக்கன்சிகளாகவே இருந்தார்கள்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று. கேலிக்கில் ஒரு பெண் தன்னை ‘மாக்’ என்று சொல்லமாட்டாள், மகன் இல்லையே. ‘நிக்’ என்பாள். நிக் கொன்யிஃ. இங்கிலீஷ் தாளில் அவளும் மெக்கன்சிதான். அதோடு, ஸ்காட்லாந்தின் பழைய சர்ச் தோட்டங்களில் கல்லறைகளைப் பார்த்தால், மனைவியின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் வெட்டியிருக்கும். கல்யாணத்தால் அது அழிவதில்லை. உங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் போய்ப் படித்துப் பார்க்கட்டும்.

லூயிஸ் தீவில் மக்லவுட், மெக்கன்சி, மக்டொனால்ட், மாரிசன் என்று சில பெயர்களுக்குள்ளேயே பாதி ஊர் அடங்கிவிடும். அதனால் அங்கே ஆளை அடையாளம் சொல்லக் குடும்பப் பெயர் உதவாது. அப்பா பெயர், தாத்தா பெயர் என்று பழையபடி அடுக்குவார்கள், இல்லாவிட்டால் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். தெரியாத பையனைப் பார்த்தால் பெரியவர்கள் கேட்பது ‘கோ லேஷ் ஊ?’ என்று. நீ யாருடையவன் என்று சொல்லுக்குச் சொல் பொருள். நம் ஊர்த் திண்ணையில் கேட்பதென்றால், நீ யார் வீட்டுப் பிள்ளை? உங்கள் மகள் அந்த நான்கு பேரிடமும், சொந்தமா என்று கேட்பதை விட்டுவிட்டு இதைக் கேட்டுப் பார்க்கட்டும். கிண்டெயில், லூயிஸ், கெயர்லாக், கோய்கா என்று நான்கு ஊர் வரலாம். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.