சுனார் கல்லும் காசிப் படியும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காசிக்குப் போய்வந்தேன். மூன்று நாள். கங்கை முழுக்கு, விசுவநாதர், விசாலாட்சி, அன்னபூரணி, படகு, மாலை ஆரத்தி எல்லாம் ஆயிற்று. அம்மாவுக்கு நிறைவு. எனக்கோ வரிசையில் நின்றதும் செருப்பைத் தேடி அலைந்ததும்தான் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு பழைய ஊர் என்கிறார்களே, அந்தப் பழமை கண்ணில் படவே இல்லை. வருகிற மார்கழியில் மாமனார் மாமியாரோடு மறுபடி போகிறேன். இந்தத் தடவை எதைப் பார்ப்பது?

ர., தென்காசி

அன்புள்ள ர.,

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. நீங்கள் பார்த்த காசியில் பெரும்பகுதி முந்நூறு வருஷத்துக்குள் கட்டியது. இப்போதிருக்கும் விசுவநாதர் கோயில் 1780இல் அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பியது. விமானத்துப் பொன் ரஞ்சித் சிங் கொடுத்தது. நீங்கள் வரிசையில் நின்ற அகன்ற வளாகம் 2021இல்தான் திறந்தது. படித்துறைகளிலும் பல, பதினெட்டாம் நூற்றாண்டில் மராட்டியர் கட்டியவை. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய உங்கள் ஊர்க் கோயில் இவற்றுக்கெல்லாம் அண்ணன்!

அதனால் மூன்று நாளில் ஒரு நாளை ஊருக்கு வெளியே செலவழியுங்கள். முதலில் சுனார். காசியிலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். கங்கையை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் கோட்டை. கோட்டையைவிட எனக்குப் பிடித்தது அந்த ஊர்க் கல். வெளிர்மஞ்சள் மணற்கல். நான் போன அன்று சாலையோரம் ஒருவர் கல் பிளந்துகொண்டிருந்தார். வரிசையாக உளியால் குழி, குழிக்கொரு இரும்பு ஆப்பு. ஒவ்வொன்றின் தலையிலும் சம்மட்டியால் ஓர் அடி, கடைசிவரை போய்த் திரும்ப முதலிலிருந்து. நாலைந்து சுற்றில் 'டங்' என்றிருந்த சத்தம் 'டொக்' என்று மாறியது. அவ்வளவுதான், சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பான் மடிக்க ஆரம்பித்துவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று பார்த்தால், குழிகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் சாரநாத், புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். காசிக்கு வடக்கே 10 கிலோமீட்டர். அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கும் அசோகரின் நாற்சிங்கம் இந்தச் சுனார் கல்தான். நாம் ரூபாய் நோட்டில் சுமந்து திரிகிற அதே சிங்கம். மணற்கல்லில் அந்தப் பளபளப்பை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெள்ளிக்கிழமை மூடிவிடுவார்கள், பார்த்துப் போங்கள். வெளியே தமேக் தூபி என்ற பௌத்த நினைவுமேட்டின் கீழ்ப்பாதியைச் சுற்றிக் கல் போர்த்தி, கொடியும் பூவும் கோலமுமாகக் குப்தர் காலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு வட்ட அடித்தளம் இருக்கும், யாரும் நிற்பதில்லை. தர்மராஜிகா தூபியில் மிஞ்சியது அது. 1794இல் ஜகத் சிங் என்பவர் காசியில் ஒரு சந்தை கட்டுவதற்காக அதை இடித்துச் செங்கல் எடுத்துப் போய்விட்டார். உள்ளே பேழையில் இருந்த எலும்புகளைக் கங்கையில் விட்டார்களாம். அவருக்கு அது புண்ணியமாகத்தான் பட்டிருக்கும்.

சாயங்காலம் படகில் ஏறினால் சேத் சிங் படித்துறையைக் காட்டச் சொல்லுங்கள். 1781இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி ராஜா சேத் சிங்கை அங்கேதான் காவலில் வைத்தார். ராஜா தலைப்பாகைத் துணிகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியே ஆற்றுக்கு இறங்கித் தப்பிவிட்டார். ஊர் கொதித்ததும் ஹேஸ்டிங்ஸ் ராத்திரியோடு ராத்திரியாக ஓடியது எங்கே என்கிறீர்கள்? சுனார் கோட்டைக்குத்தான். குதிரை முதுகில் அம்பாரி, யானை முதுகில் சேணம் வைத்துக்கொண்டு ஓடினார் என்று அந்தப் பக்கம் இன்றும் பாட்டாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

படகை விட்டுக் கேதார் படித்துறையில் இறங்குங்கள். குமரகுருபரர் நிறுவிய மடம் அங்கே இருக்கிறது, தமிழ்க் குரலும் காதில் விழும். ஏதாவது ஒரு பழைய படியில் உட்கார்ந்து விரலால் தடவுங்கள். சோப்பு நுரையும் சாமந்தி இதழும் ஒட்டியிருக்கும், பரவாயில்லை. அதே சுனார் மணற்கல், ஓரத்தில் உளித்தடம் கையில் தட்டுப்படும். காலையில் அந்த ஆப்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தால் இந்தப் படி வேறு மாதிரி இருக்கும்.

மார்கழியில் போகிறீர்கள் என்பதால் ஒன்று. அங்கே மூடுபனி கடுமை, ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், விடியற்காலைப் படகில் எதிர்க்கரையே தெரியாது. சுனாருக்கும் வெயில் ஏறியபிறகு கிளம்புங்கள், பெரியவர்கள் குளிரில் சிரமப்பட வேண்டாம். பனிக்காலத்துக்கு ஒரே லாபம் 'மலையோ'. குங்குமப்பூ போட்ட பால் நுரை, மண் கிண்ணத்தில் தருவார்கள், வாயில் வைத்தால் காணாமல் போகும். காலையிலேயே வாங்கிவிடுங்கள், மதியத்துக்கு மேல் தேடினால் கிடைக்காது.