சிறப்புக் கல்வி பி.எட். மாணவர்களுக்கு டாஸ்க் அடிப்படையில் ஆங்கில வகுப்பை எப்படி அமைப்பது?

டாஸ்க் என்றால், ஆங்கிலத்தைப் பயன்படுத்தி முடிக்க வேண்டிய ஒரு நிஜ வேலை. இவர்கள் நாளை வேலைக்குப் போனதும் கையில் வாங்கப்போகும் காகிதம் எது என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் ஆரம்பித்து ஒரு வருடத்தைத் தொலைத்தவன் நான். செயப்பாட்டு வினை நடத்தினேன். கேட்டார்கள், தேர்வு எழுதினார்கள், மறந்தார்கள்.

அந்தக் காகிதம், குழந்தையைப் பற்றி உளவியலாளர் எழுதித் தரும் மதிப்பீட்டு அறிக்கை. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். "என்ன டீச்சர் போட்டிருக்காங்க?" என்று அதை நீட்டுகிற அம்மாவுக்கோ தமிழ்தான் தெரியும். சரி, டாஸ்க் கிடைத்துவிட்டது.

பெயர், முகவரி அழித்த ஓர் அறிக்கையை எடுத்துக்கொண்டேன். ஒருவர் டீச்சர், ஒருவர் அம்மா. அம்மாவுக்கு அறிக்கையைக் காட்டுவதில்லை. முதல் தடவையே ஒரு மாணவி 'மைல்ட் இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி'யை (லேசான அறிவுசார் குறைபாடு) "லேசான பிரச்சினைதான்மா" என்றார். எதிரே இருந்தவர் சட்டென்று, "அப்ப கொஞ்ச நாள்ல சரியாயிடுமா?" என்றார். பதில் சொல்ல ஆளில்லை. குறைபாட்டின் அளவைச் சொல்லும் மைல்ட், மாடரேட் என்ற இரண்டு சொற்களுக்கே அன்றைய வகுப்பு முழுக்கப் போனது. அதே அறிக்கையில் 'டெஸ்ட் வாஸ் அட்மினிஸ்டர்ட்' (சோதனை நடத்தப்பட்டது) என்று இருந்தது. "யாரு டெஸ்ட் வெச்சாங்க?" என்று 'அம்மா' கேட்க, வரி வரியாகத் தேடினார்கள். நான் ஒரு வருடம் நடத்திய செயப்பாட்டு வினை அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்தது ஐ.இ.பி. இலக்கு, அதாவது ஒரு குழந்தைக்கென்றே போடும் தனிக் கல்வித் திட்டத்தின் இலக்கு, எழுதுவது. 'கணக்கில் முன்னேறுவான்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். '20 ரூபாய்ச் சாமானுக்கு, உதவியில்லாமல், 5 தடவையில் 4 தடவை சரியான சில்லறை எடுத்துக் கொடுப்பான்' என்பதை ஆங்கிலத்தில் எழுதட்டும். வேண்டிய இலக்கணம் அதிலேயே இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன என்பதற்காகக் கலைச்சொல் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்.

இந்த டாஸ்க் முறையை வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களிடம், ஆங்கிலம் கற்பித்தல் வல்லுநர் என்.எஸ். பிரபுவைச் சொல்லுங்கள். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கப் பள்ளிகளில் செய்து பார்த்தவர். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு டாஸ்க்கைச் செய்வார். அப்புறம் அதே மாதிரி இன்னொன்றை மாணவர்கள் தனியாகச் செய்ய வேண்டும். அந்த முதல் படியை விட்டால், தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

தேர்விலும் முன்பின் பார்க்காத ஓர் அறிக்கைதான், 20 நிமிடம், எதிரே ஓர் 'அம்மா'. தமிழில் சரியாகச் சொன்னதற்குப் பாதி மார்க். ஆங்கிலப் பேப்பரில் தமிழுக்கு மார்க்கா என்று எங்கள் துறையில் ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.