கூடுதல் சதுர அடியும் குறைகிற வெளிச்சமும்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில், 1940களில் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்கள் சொசைட்டி (குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம்) ரீடெவலப்மெண்டுக்கு, அதாவது பழையதை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு, பில்டரைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. பக்கத்துத் தெருவில் எழுந்துள்ள புதிய கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு மனமே வரவில்லை: கீழே அடுக்கடுக்காகக் கார் நிறுத்தம், மேலே முழுக்கக் கண்ணாடி, பட்டப்பகலில் விளக்கெரியும் சமையலறை. “இருநூறு சதுர அடி கூடுதலாகக் கிடைக்கிறது, நீ அழகு பார்க்கிறாயே” என்கிறார்கள் கணவரும் மகனும். நான் வீணாகக் குறுக்கே நிற்கிறேனா?
— வாசகி, மாட்டுங்கா

பதில்: சகோதரி, இதை அழகு பற்றிய பேச்சாக உங்கள் வீட்டார் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். நீங்கள் சொன்ன மூன்றில் கண்ணாடியை வேண்டுமானால் ரசனை என்று ஒதுக்கலாம். மற்ற இரண்டும் காற்றையும் வெளிச்சத்தையும் பற்றியவை.

மாட்டுங்கா தானாக வளர்ந்த பேட்டை அன்று. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபின், நெரிசலும் இருளுமான குடியிருப்புகளைச் சீர்செய்வதற்காக 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதிகளை மனை மனையாகத் திட்டமிட்டது. கீழ்த்தளத்து அறைக்கும் வானம் தெரிய வேண்டும் என்பதற்காக அது அறுபத்து மூன்றரை பாகை என்ற ஒளிக்கோண விதியைக் கைக்கொண்டது. அதன்படி, எதிரிலுள்ள கட்டடத்தின் உயரம் இடைவெளியின் அகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்குக்கு மேல் போகலாகாது. இன்று மும்பையில், விட வேண்டிய திறந்தவெளியில் குறைவு இருந்தாலும், பிரீமியம் என்ற கட்டணத்தைக் கட்டி மாநகராட்சியின் சலுகையைப் பெற வழியிருக்கிறது. பணம் மாநகராட்சிக்குப் போகிறது, இருட்டு உங்கள் சமையலறைக்கு வருகிறது. சில காலம் முன்புவரை ‘பூந்தொட்டி இடம்’ என்று கணக்கில் வராமல் கட்டிப் பின்னர் கூடத்தோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. 2012இல் விதியை மாற்றித்தான் அதை எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்புக்கு ஏற்ப அனுமதிக்கும் கட்டடப் பரப்பு) கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். கட்டடக் கலைஞரின் கற்பனையெல்லாம் எந்தப் பக்கம் செலவாகிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் உங்கள் கணவர் பக்கமும் நியாயம் உண்டு. எண்பது ஆண்டுக் கட்டடம் லிஃப்ட் இல்லாமல், கம்பி துருப்பிடித்து, ஒவ்வொரு மழைக்கும் ஒழுகிக்கொண்டு எத்தனை நாள் நிற்கும்? ஆகவே ரீடெவலப்மெண்டே வேண்டாம் என்று நில்லாதீர்கள். எப்படிப்பட்ட கட்டடம் என்பதில் நில்லுங்கள். அதற்கான நேரம் பில்டரைத் தேர்ந்தெடுக்கும் முன்புதான். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் 2019 ஜூலையில் வந்த வழிகாட்டுதல்களின்படி, சொசைட்டியே தன் சார்பில் கட்டடக் கலைஞரை அல்லது ஆலோசகரை நியமித்துத் திட்டம் சாத்தியமா என்று ஆராயும் அறிக்கையைப் பெற வேண்டும், உறுப்பினர்களின் யோசனைகளையும் கேட்க வேண்டும். பில்டர் அனுப்பும் கட்டடக் கலைஞர் பில்டருக்குத்தான் வேலை செய்வார் என்பதை மகனுக்கு நினைவூட்டுங்கள். மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதத்தினர் சம்மதித்த பிறகு உங்கள் ஒருவரின் ஆட்சேபத்துக்கு வலு மிகக் குறைவு.

கூட்டத்தில், உங்கள் வீட்டைக் குறித்துக் காட்டும் தள வரைபடத்தைக் கேளுங்கள். பல திட்டங்களில் சாலையையும் மேற்குக் காற்றையும் பார்த்த பக்கம் பில்டர் வெளியாருக்கு விற்கும் வீடுகளுக்குப் போய், பழைய உறுப்பினர்கள் பின்புறத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். இது விளம்பரப் படத்தில் தெரியாது. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் எதிர்ச்சுவர் எத்தனை மீட்டர், சமையலறை வெளியே திறக்கிறதா அல்லது குழாய்கள் ஓடும் குறுகிய செங்குத்து இடைவெளியான டக்டுக்குள்ளா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பக்கவாட்டில் நகர்த்தும் தள்ளு ஜன்னல் பாதிதான் திறக்கும். ஜன்னலுக்கு மேல் சஜ்ஜா (மழை மறைப்பு) இல்லாத தட்டை முகப்பில், ஜூன் மழையின்போது திறக்கவே முடியாது; மூடினால் ஏ.சி. போட வேண்டும்.

கீழ்த்தளங்களில் அடுக்கடுக்காக வரும் போடியம் கார் நிறுத்தத்தை முழுதாகத் தவிர்ப்பது கடினம். ஆனால் தெருவைப் பார்த்த முகத்தில் வெற்றுச்சுவர் வராமல் கடையோ நுழைவாயிலோ வரும்படி கேட்கலாம்.

ஒப்பந்தத்தில், பொதுக்குழு ஒப்புதலின்றி வரைபடம் மாறாது என்ற பிரிவைச் சேருங்கள். கட்டடக் குறைகளை 5 ஆண்டுவரை பில்டரே நீக்கித் தர வேண்டும் என்று வீடு வாங்குவோருக்கு ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் தரும் பாதுகாப்பு பழைய உறுப்பினர்களின் வீடுகளுக்கும் உண்டு என்பதைத் தனியே எழுதி வாங்குங்கள். கூடுதல் சதுர அடியின் மதிப்பைச் சொல்லும் கணவரிடம், லிஃப்ட், இயந்திரக் கார் நிறுத்தம், கண்ணாடி துடைப்பு ஆகியவற்றுக்கு மாதாமாதம் எவ்வளவு ஆகும், பில்டர் தரும் கார்பஸ் (வைப்பு நிதி) தொகையின் வட்டி அதற்குப் போதுமா என்ற கணக்கையும் போடச் சொல்லுங்கள்.