வீட்டை அடகு வைத்து டொக்டராக்க முன் நோர்த்வூட்டை ஒருக்கால் பாருங்கள்

ஹாரோவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்குப் பதினெட்டு வயது, இங்கேயே பிறந்தவள். மருத்துவ பீட அனுமதிக்கான யூகாட் பரீட்சையில் புள்ளிகள் போதவில்லை. விண்ணப்பித்த நான்கு மருத்துவ பீடங்களும் கைவிரித்துவிட்டன. சித்தப்பா பல்கேரியாவில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுத்தால் சமாளிக்கலாமாம். இதற்கிடையில் பிள்ளை சாப்பாட்டு மேசையில் வைத்து, தான் ரோயல் நேவிக்கு ஒஃபிஸராகப் போகப்போவதாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அம்மம்மா அவளோடு கதைப்பதில்லை. பிள்ளையின் மனதை எப்படி மாற்றுவது என்று கேட்கிறார் அம்மா.

அக்கா, "இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், ஆறு மாதத்தில் மாறிவிடுவாள்" என்று எழுதினால் உங்களுக்கு இன்றிரவு நித்திரை வரும். ஆனால் நீங்கள் அவளைப் பற்றி எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவள் மாற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பாவின் திட்டம்தான் மாற வேண்டும்.

காசிலிருந்து தொடங்குவோம். பல்கேரியாவில் மருத்துவம் ஆறு வருடம். வருடக் கட்டணம் 8,000 யூரோ என்று வைத்துக்கொண்டாலே 48,000. அதன் மேல் அறை வாடகை, சாப்பாடு, விசா, போக்குவரத்து. வெளிநாட்டில் முழுப் பட்டப்படிப்புக்கு இங்கத்தைய மாணவர் கடன் கிடைக்காது. ஆகவே அவ்வளவும் உங்கள் வீட்டின் மேல்தான் ஏறும். இங்கே மாணவர் கடன் எடுத்துப் படித்தால் அது பிள்ளையின் பெயரில் இருக்கும். வருமானம் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் அறவிடுவார்கள், வேலை இல்லாவிட்டால் கதவைத் தட்ட மாட்டார்கள். வங்கி அப்படியில்லை. படித்து முடித்து வந்தாலும் இங்கே பதிவு, பயிற்சி இடம் என்று வரிசை நிற்கிறது. அந்த இடங்களுக்கு இந்த நாட்டில் படித்த டொக்டர்மாரே முட்டி மோதுகிறார்கள். மருத்துவத்தில் உயிரை வைத்திருக்கும் பிள்ளையென்றால் இவ்வளவையும் தாங்கலாம் என்று சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் மகள் மருத்துவத்தை விரும்பியதாக ஒரு வரியும் இல்லை. "நாங்கள் சொன்னதால் எழுதினாள்" என்றுதான் இருக்கிறது.

ஃபார்மசி, ஒப்டோமெட்ரி, எக்கவுண்டன்சி பற்றி நான் எழுதப் போவதில்லை. கோயிலடியில் நின்றால் அதற்கெல்லாம் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று. தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு பஸ் ஒழுங்கு செய்வது, யார் எங்கே எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவது, சாப்பாடு குறையாமல் பார்ப்பது எல்லாம் மூன்று வருடமாக அவள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சீ கெடெட்ஸ் என்ற கடற்படைப் பாணி இளையோர் அணிக்கு ஒரு கிழமையும் தவறாமல் போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள், படிக்கிற நேரத்தை வீணாக்குகிறாளாம். இந்த மாதிரி ஆட்களைத் தேடி எடுத்துச் சம்பளம் கொடுத்து வளர்க்கிற ஒரு வேலை இருக்கிறது. கடற்படையில் அதற்கு ஸ்டாஃப் ஒஃபிஸர் என்று பெயர்.

கலியாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். மண்டபம், ஐயர், சமையல், வாகனம் என்று பட்டியலோடு ஓடுகிறவரை ஒருவரும் பார்ப்பதில்லை, அவர் இல்லாவிட்டால் தாலி கட்ட முடியாது. கடற்படையில் கப்பலின் கப்டன் கண்ணுக்குத் தெரிகிறவர். எந்தக் கப்பல் எந்தக் கடலுக்கு, எத்தனை நாள், எரிபொருள் எங்கே, சட்டம் என்ன சொல்கிறது, பக்கத்து நாட்டு அரசு சம்மதிக்குமா என்று கணக்குப் போட்டு அட்மிரலின் முன் வைப்பவர் ஸ்டாஃப் ஒஃபிஸர். தலைமையகத்தில் இந்த வேலைகளை இலக்கம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்: ஒன்று ஆளணி, இரண்டு உளவுத் தகவல், மூன்று நடவடிக்கை, நான்கு வழங்கல், ஐந்து திட்டமிடல், ஆறு தொடர்பாடல், அப்படியே மேலே போகும்.

இந்த வேலைக்கு ஒரு காலத்தில் அங்கேயே மதிப்பு இருக்கவில்லை. கடலில் நின்றவன்தான் மாலுமி, மேசையில் இருப்பவன் எழுதுவினைஞன் என்ற எண்ணம் அட்மிரல்களிடமே இருந்தது. 1912 ஜனவரியில் சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோதுதான் ஒழுங்கான போர்த் திட்டமிடல் பிரிவு ஒன்று உருவானது. அதற்கு இணங்காத கடற்படைத் தலைவரை அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருந்தது. பெருமை பார்க்கிற சித்தப்பாக்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள்.

பிரித்தானிய அட்மிரல் பெர்ட்ரம் ராம்ஸியின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். 1898இல் பையனாகக் கடற்படையில் சேர்ந்தவர், ஸ்டாஃப் பயிற்சியை முதல் முதலில் எடுத்த தலைமுறை. 1935இல் பிரித்தானியக் கடல்களைக் காத்த ஹோம் ஃப்ளீட் என்ற கப்பல் படையின் தலைமை ஸ்டாஃப் அதிகாரியானார். அவருடைய அட்மிரல் எல்லா வேலையையும் தானே செய்கிறவர், ஸ்டாஃபை நம்பிக் கொடுக்க மாட்டார். சில மாதங்களில் ராம்ஸி தன்னை விடுவிக்கும்படி கேட்டு வெளியேறினார். 1938இல் ஓய்வுப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயது, கதை முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். போர் நெருங்கியதும் கூப்பிட்டார்கள். 1940 மே 26இலிருந்து ஜூன் 4 வரை, டோவர் கோட்டைக்குக் கீழே குடைந்த சுரங்கத்தில் இருந்துகொண்டு, ஜெர்மன் படை சுற்றிவளைத்த பிரான்ஸின் டன்கேர்க்கிலிருந்து 3,38,226 படையினரைக் கடல் வழியாக மீட்கும் வேலையை நடத்தினார். 1944 ஜூனில் நோர்மண்டித் தரையிறக்கத்தின் கடற்பகுதி முழுவதும் அவர் பொறுப்பு, ஏறத்தாழ 7,000 கலங்கள். 1945 ஜனவரி 2ஆம் திகதி பிரான்ஸில் விமான விபத்தில் இறந்தார். அவரைப் பெரிய ஆளாக்கியது மேசையில் செய்த வேலைதான்.

அது பழைய கதை, ஆண்களின் கதை என்று சொல்வீர்கள். சரி, ஜூட் டெரியைப் பாருங்கள். 1997இல் சேர்ந்தவர். 2022இல் ரோயல் நேவியின் முதல் பெண் ரியர் அட்மிரல் ஆனார். போர்க்கப்பலைக் கப்டனாக நடத்தி வந்த வழியல்ல அவருடையது, லொஜிஸ்டிக்ஸ் என்கிற வழங்கல் பிரிவு. உங்கள் மகளுக்கு நான் காட்டுவதும் அந்தக் கதவைத்தான்.

எப்படிப் போகும் என்று சொல்கிறேன். தொடக்கம் டெவனில் இருக்கும் டார்ட்மத் கடற்படைக் கல்லூரி. 1905இல் திறந்த கட்டடம், அதற்கு முன் அதே ஆற்றில் நங்கூரமிட்ட பழைய கப்பல்களில் பயிற்சி நடந்தது. சேர்ந்த நாளிலிருந்தே சம்பளம் உண்டு. அப்புறம் கோர்ன்வோலில் எச்.எம்.எஸ். ராலி என்ற தளத்தில் லொஜிஸ்டிக்ஸ் தொழிற்பயிற்சி. பிறகு கப்பல். ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பல் ஒன்றில் 180 பேர் அளவில் இருப்பார்கள். அவர்களின் சாப்பாடு, சம்பளக் கணக்கு, உதிரிப்பாகங்கள், துறைமுக ஒழுங்குகள், ஒழுக்காற்று விசாரணையில் கப்டனுக்கு ஆலோசனை என்று இளம் லொஜிஸ்டிக்ஸ் அதிகாரியின் கையில் வந்து விழும். கடற்படையின் பாரிஸ்டர்களை இந்தப் பிரிவிலிருந்தும் எடுத்துப் படிப்பிக்கிறார்கள். சித்தப்பாவிடம் இந்த ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், அவர் முகம் மாறும்.

லெப்டினன்ட், லெப்டினன்ட் கொமாண்டர் என்று ஏறும்போது கடலும் அலுவலகமும் மாறி மாறி வரும். போர்ட்ஸ்மத்தில் வேல் ஐலண்ட் என்ற சிறு தீவில் கடற்படைத் தலைமையகம் இருக்கிறது. பலர் ஸ்டாஃப் வேலையை அங்கே பழகுகிறார்கள். தகுதியானவர்களைப் பொறுக்கி ஷ்ரிவெனமில் இருக்கும் முப்படை ஸ்டாஃப் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அங்கே பாடம் நடத்துவது லண்டன் கிங்ஸ் கொலிஜ். படிக்கும்போதே முதுகலைப் பட்டம் எடுக்கலாம், கட்டணம் வீட்டிலிருந்து போகாது. கொமாண்டர், கப்டன், கொமடோர் என்று அதற்கு மேல் போகிறவர்கள் குறைவு. பெல்கிரேவ் சதுக்கத்தில் இருக்கும் பாதுகாப்புக் கல்லூரி வரை போகிறவர்கள் இன்னும் குறைவு.

தலைப்பில் சொன்ன நோர்த்வூட்டுக்கு வருகிறேன், அங்கே ஒரு படைத் தலைமையகம் இருக்கிறது. மெட்ரோபொலிட்டன் லைனில் உங்களுக்குச் சில ஸ்டேஷன் தள்ளித்தான். 1982இல் ஃபோக்லாந்துப் போரை அட்மிரல் ஃபீல்ட்ஹவுஸ் அங்கிருந்துதான் நடத்தினார், போர்முனை 8,000 மைலுக்கு அப்பால். 1996இலிருந்து முப்படைகளின் வெளிநாட்டு நடவடிக்கைகளுக்கான நிரந்தரக் கூட்டுத் தலைமையகம் அங்கே இருக்கிறது. நேட்டோவின் கடற்பிரிவுக்கும் தலைமையகம் அதுதான். சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து உணவுக் கப்பல்களைக் காத்த ஐரோப்பிய நடவடிக்கையை 2008இலிருந்து 2019 வரை அங்கிருந்து நடத்தினார்கள். நம் ஆட்கள் வீடு பார்க்கப் போகிற ஒரு ஊரில் இதெல்லாம் நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. உள்ளே விட மாட்டார்கள், ஆனால் வேலியையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி அம்மம்மா. அவருடைய கோபத்தைச் சித்தப்பாவின் கோபத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். நெடுந்தீவுக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1985 மே 15, இலங்கைக் கடற்படையினர் பயணிகளைக் கொன்ற குமுதினிப் படகு என்றால் நெடுந்தீவாருக்கு விளக்கம் தேவையில்லை. அவர் காதில் "நேவி" என்று விழும்போது அந்தப் படகுதான் வருகிறது. "இது இங்கிலாந்து நேவி, அது வேறு" என்று பேத்தி சுலபமாகச் சொல்லிவிடவும் முடியாது. இலங்கைக் கடற்படையே 1950இல் ரோயல் சிலோன் நேவியாகத் தொடங்கியது, முதல் தளபதி ஒரு பிரித்தானிய அதிகாரி. திருகோணமலைத் தளம் 1957 வரை இவர்கள் கையில்தான் இருந்தது. இதைப் பிள்ளை படித்துத் தெரிந்துகொண்டு அம்மம்மாவின் முன்னால் போய் உட்கார வேண்டும். வாதாட வேண்டாம், அவர் சொல்வதைக் கேட்டால் போதும். சீருடை போட்டால் ஒரு நாள் தான் போட்ட திட்டத்தில் ஆட்கள் சாகலாம், அது லொஜிஸ்டிக்ஸ் மேசையில் இருந்தாலும்தான். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லையென்றால் இந்த வேலை வேண்டாம் என்று நானே சொல்வேன். பதில் இருந்தால், அது அம்மம்மாவுக்குப் பிடிக்காவிட்டாலும், அவளுடைய பதில்.

கஷ்டங்களும் இருக்கின்றன. மாதக்கணக்கில் கடலில் இருப்பாள். சித்திரை வருடப் பிறப்புக்கும் வரமாட்டாள், செத்தவீட்டுக்கும் வரமுடியாமல் போகலாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை இடமாற்றம். சேர்ந்தால் குறைந்தபட்ச சேவைக் காலம் உண்டு, நினைத்த நேரம் விட்டுவிட்டு வர முடியாது. லொஜிஸ்டிக்ஸ் வழியில் போனால் போர்க்கப்பலுக்குக் கப்டனாக முடியாது. அந்தக் கனவு இருந்தால் கப்பலைப் போரில் நடத்தும் வோர்ஃபேர் பிரிவைத்தான் கேட்க வேண்டும். அட்மிரல் கதையைக் காட்டி நான் ஆசை காட்டவும் இல்லை. பெரும்பாலோர் லெப்டினன்ட் கொமாண்டராகவோ கொமாண்டராகவோதான் வெளியே வருவார்கள். அதுவும் கெட்டுப்போன வாழ்க்கை அல்ல. ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பதில்லை; இருபது வருடச் சேவையும் நாற்பது வயதும் தாண்டி விலகினால் உடனேயே ஒரு தொகை வரத் தொடங்கும். வெளியில் துறைமுகம், மருத்துவமனை நிர்வாகம், நிவாரண நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இந்த அனுபவம் வேண்டும்.

என்ன செய்யலாம்? ஏ-லெவலில் 72 யூகாஸ் புள்ளிகள் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பெறுபேறுகளைக் கணக்கிடும் புள்ளிகள்) இருந்தால் நேரே விண்ணப்பிக்கலாம், ஜி.சி.எஸ்.இ.யில் ஆங்கிலமும் கணிதமும் சித்தி வேண்டும். ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் சொல்வது இது: செப்டெம்பரில் லண்டனிலேயே ஒரு பட்டப்படிப்பு. அவளுக்குப் பிடித்த புவியியலே போதும், வீட்டிலிருந்து போய்வரட்டும். கட்டணம் 2025 கல்வியாண்டில் 9,535 பவுண், மாணவர் கடனில் போகும். பல்கலைக்கழகக் கடற்படைப் பிரிவில் சேரட்டும். அங்கே பயிற்சி நாட்களுக்குக் காசு கொடுப்பார்கள், சிறிய ரோந்துக் கலங்களில் கடலுக்குக் கொண்டுபோவார்கள், முடிந்ததும் கடற்படையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடல் பிடிக்குமா, கட்டளை பிடிக்குமா, அம்மம்மாவின் கேள்வி தன்னைத் தின்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் கையில் பட்டம் இருக்கிறது, வீடும் இருக்கிறது.

2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை இப்போதே பழகச் சொல்லுங்கள். தேர்வுக்குழு முன்னால் திட்டமிடல் பயிற்சி ஒன்று வரும்: ஒரு சிக்கல், குறைந்த நேரம், தூரம் வேகம் நேரக் கணக்கு, குறுக்குக் கேள்வி. நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் விழுவது கணக்கில் அல்ல, பிழை பிடிபட்டதும் வாயடைத்துப் போவதில்தான். பாதுகாப்புச் சோதனையில் குடும்பத்தைப் பற்றி, ஊரில் இருக்கிற சொந்தக்காரரைப் பற்றி, கடன்களைப் பற்றிக் கேட்பார்கள். ஒன்றையும் மறைக்கக் கூடாது. மாமா எந்த இயக்கத்தில் இருந்தார் என்பதும் அதில் அடங்கும். மறைத்தது பிடிபட்டால்தான் கதவு மூடும்.

பல்கேரியாவுக்கு முற்பணம் கட்ட வேண்டிய திகதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. எப்போதாக இருந்தாலும் கட்ட வேண்டாம். சித்தப்பா ஏற்கனவே கட்டியிருந்தால், திருப்பித் தருவார்களா என்று நாளைக்கே எழுத்தில் கேளுங்கள்.