தீவில் விட்டுவந்தவர்கள்

அன்புள்ள சார்,

கல்லூரிப் பாடத்துக்காக சோஃபோக்ளிஸின் கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி' படித்தேன். சகோதரனின் பிணத்தை அடக்கம் செய்யக்கூடாது என்று மாமன் கிரேயோன் உத்தரவு போடுகிறான். ஆன்டிகனி மீறுகிறாள், சாகிறாள். வகுப்பில் பாதிப் பேர் அவள் பக்கம், பாதிப் பேர் அரசன் பக்கம். எனக்கு நம் கும்பகர்ணனும் விபீஷணனும் நினைவுக்கு வந்தார்கள். செஞ்சோற்றுக்கடன் பெரிதா, அறம் பெரிதா? கிரேக்கர்கள் யாரை வீரன் என்றார்கள்? ஆன்டிகனியின் தங்கை இஸ்மேனி போன்ற கோழைகள், ஒடிசியூஸ் போன்ற தந்திரக்காரர்கள் பற்றி உங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள ச.,

கும்பகர்ணனைக் கொஞ்சம் தூங்கவிடுங்கள். எந்த நாட்டுக் கதை கையில் கிடைத்தாலும் அதை ராமாயணத்துக்கு இழுத்துவந்து கட்டிப்போடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. புதிதாக ஒன்றைப் படித்த மாதிரியும் ஆச்சு, புதிதாக யோசிக்கவும் வேண்டாம்.

ஆன்டிகனியா கிரேயோனா என்று ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் காலத்திலிருந்து எழுதிக் குவித்திருக்கிறார்கள். உங்கள் ஆசிரியரே சொல்வார், என்னை விடுங்கள். ஆனால் இஸ்மேனியைக் கோழை என்கிறீர்களே! அக்கா பிடிபட்டதும் 'இதில் எனக்கும் பங்கு உண்டு' என்று அரசன் முன்னால் வந்து நிற்கிறாள் அவள். செய்யாத குற்றத்துக்குச் சாக வருகிறவள் கோழையா? புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்தவர்தான் அப்படி எழுதுவார். மறுபடி படியுங்கள்.

என்னைப் பதில் எழுத வைத்தது வேறு. விசுவாசம் என்றால் எதிரெதிராக இரண்டு பக்கம் இருக்கும், யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். நான் இப்போது அதே சோஃபோக்ளிஸின் 'ஃபிலோக்டெட்டீஸ்' நாடகத்தில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். 'ஆன்டிகனி' பொ.மு. 441 வாக்கில் வந்தது. இது 409-இல். அப்போது அவர் எண்பதைத் தாண்டிய கிழவர். போட்டியில் முதல் பரிசும் வாங்கினார்.

கிரேக்கப் படை டிராய் நகரத்தோடு போருக்குப் போகிற வழியில், அதிலிருந்த வில்லாளி ஃபிலோக்டெட்டீஸைப் பாம்பு கடித்துவிடுகிறது. காலில் ஆறாத புண். சீழ், நாற்றம், அலறல். லெம்னாஸ் தீவில் அவன் தூங்கும்போது விட்டுவிட்டுக் கப்பலேறிவிடுகிறார்கள். போர் பத்தாம் வருஷத்தைத் தொட்ட பிறகு குறி சொல்கிறார்கள்: அவனும் அவனிடமுள்ள, மாவீரன் ஹெராக்ளிஸின் வில்லும் வந்தால்தான் டிராய் விழும். கூட்டிவரக் கிளம்புகிறான் கிரேக்கத் தலைவர்களில் ஒருவனான ஒடிசியூஸ். அன்றைக்கு விட்டுவந்ததே அவன்தான், நேரில் போனால் அம்புதான் பேசும். அதனால் அந்தப் போரில் செத்துப்போன வீரன் அகிலிஸின் மகன் நியோப்டோலமஸை முன்னால் அனுப்புகிறான். மீசை அரும்பும் வயது. பொய் சொல்லி வில்லை வாங்கிக்கொண்டு வரவேண்டும். பையன் முகம் சுளிக்கிறான். 'இன்றைக்கு ஒரு நாளில் கொஞ்ச நேரம் வெட்கத்தை விட்டு உன்னை என்னிடம் கொடு. அப்புறம் வாழ்நாள் முழுக்க உன்னை உத்தமன் என்று சொல்லட்டும்' என்கிறான் ஒடிசியூஸ். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் மேலதிகாரி இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்.

ஏன் விட்டுவந்தோம் என்பதற்கும் ஒடிசியூஸிடம் காரணம் இருக்கிறது. அந்தக் கத்தலில் நிம்மதியாக ஒரு பலி கொடுக்க முடியவில்லை, தெய்வத்துக்கு மது வார்க்க முடியவில்லை.

எங்கள் பெரியப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். அக்கா கல்யாணத்தின்போது அவரைத் தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். 'விசேஷ வீடு, நாலு பேர் வந்துபோகிற இடம்' என்றார்கள். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட பெரியம்மாதான் முதலில் சொன்னதே. தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோனது நான். டெட்டால் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. கொடியில் துவைத்துப் போட்ட துணிகளில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. சாப்பாட்டை அவர் திறக்கக்கூட இல்லை. யார் யார் வந்தார்கள், மாப்பிள்ளை வீட்டாரை எங்கே தங்கவைத்தார்கள், கடைசிப் பந்திக்குப் பாயசம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கோ பந்திக்கு ஓடவேண்டும்.

குகைக்குள் எட்டிப் பார்க்கும் நியோப்டோலமஸின் கண்ணில் படுவது இலைப் படுக்கை, கோணல்மாணலாகச் செதுக்கிய ஒரு மரக்கிண்ணம், வெயிலில் காயும் சீழ்த்துணிகள். அவன் பேசும் கிரேக்கம் காதில் விழுந்ததுமே ஃபிலோக்டெட்டீஸ் உருகிப்போகிறான். பிறகு படையில் இருந்த பழைய ஆட்களைப் பற்றி விசாரிப்பு. அயாக்ஸ்? செத்துவிட்டான். பட்ரோக்ளஸ்? அவனும். அந்த வாய்ச்சவடால் தெர்சைட்டிஸ்? அவன் உயிரோடுதான் இருக்கிறானாம்.

மற்ற இரண்டு கிரேக்க நாடகாசிரியர்கள், ஈஸ்கிலஸும் யூரிப்பிடீஸும், இதே கதையை நாடகமாக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய லெம்னாஸில் ஊர்க்காரர்கள் உண்டு. சோஃபோக்ளிஸ் அதை ஆளில்லாத் தீவாக்கிவிட்டார். அவன் வலியைப் பார்க்க, ஏமாற்ற வந்தவர்களைத் தவிர வேறு ஆளே கிடையாது. வலி வருகிறது. 'ஒன்றுமில்லை' என்று முதலில் சமாளிக்கிறான், முடியவில்லை. ஒரு முழு வரி வெறும் அலறல். காலை வெட்டிவிடு என்று கெஞ்சுகிறான். வலி அடங்கும்வரை வைத்திரு என்று வில்லைப் பையன் கையில் கொடுக்கிறான். சத்தியம்கூட வாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்கிறான். பிறகு மயங்கித் தூங்கிவிடுகிறான்.

வந்த வேலை முடிந்தது, ச.! வில் கையில் இருக்கிறது, வா போகலாம் என்று கூட வந்த மாலுமிகள் அவசரப்படுத்துகிறார்கள். பையன் நகரவில்லை. தூங்கி எழுந்தவனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். அப்போதும் வில்லைக் கொடுக்க மனசு வரவில்லை, படைக்கும் கட்டுப்பட்டவன் ஆயிற்றே. கொஞ்சம் கழித்துத்தான், ஒடிசியூஸ் வாளில் கைவைத்து மிரட்டியும் கேட்காமல் திருப்பிக் கொடுக்கிறான்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரும் அந்தப் பையனுக்கு அறம் எடுத்துச் சொல்லவில்லை. எந்த வாதத்திலும் அவன் தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. ஒருவன் துடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டி வந்தது, அவ்வளவுதான். அதுவரைக்கும் அவனுக்கு ஃபிலோக்டெட்டீஸ் என்றால் ஒரு வில். உங்கள் வகுப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியவர்களில் யாராவது ஆன்டிகனியின் சகோதரன் பிணம் வெயிலில் கிடந்ததைப் பற்றிப் பேசினார்களா? காவலாளி வந்து சொல்கிறானே, அழுகல் நாற்றம் தாங்காமல் காற்று வீசும் திசை பார்த்து மேட்டில் போய் உட்கார்ந்தோம் என்று? பேசியிருக்கமாட்டார்கள். கடமை, மனசாட்சி என்று எழுதினால்தான் மார்க் விழும்.

நியோப்டோலமஸ் கட்சி மாறினான் என்றும் சொல்லமுடியாது. வில் கைக்கு வந்ததும் ஒடிசியூஸைக் குறிவைக்கும் ஃபிலோக்டெட்டீஸின் கையை எட்டிப் பிடித்துத் தடுப்பவனும் அவன்தான்.

ஆகா, மனசாட்சி வென்றது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். என்ன சொல்லியும் டிராய்க்கு வர ஃபிலோக்டெட்டீஸ் சம்மதிக்கவில்லை. சரி, உன்னை ஊரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று பையன் கிளம்பும் நேரத்தில் தெய்வமாகிவிட்ட ஹெராக்ளிஸ் மேலே தோன்றி, இரண்டு பேரும் டிராய்க்குப் போங்கள் என்கிறான். போகிறார்கள். ஊரை அழிக்கும்போது தெய்வங்களுக்குப் பயந்து நடந்துகொள்ளுங்கள் என்றும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறான். ஏதென்ஸ் ஜனங்களுக்கு மிச்சக் கதை தெரியும். டிராய் விழுந்த அன்று ஜீயஸின் பலிபீடத்தில் தஞ்சம் புகுந்த டிராய் அரசன், கிழவன் பிரியாமைக் கொல்லப்போவது இந்தப் பையன்தான். சோஃபோக்ளிஸ் அதைக் காட்டவில்லை. எச்சரிக்கையை மட்டும் சொல்லவைத்துவிட்டு நாடகத்தை முடித்துக்கொள்கிறார். யார் வீரன் என்று அவரிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வார்?

ஒடிசியூஸை இவ்வளவு திட்டியாயிற்று. ஆனால் உங்களோடு சேர்ந்து அவனைத் தந்திரக்காரன் என்று முடித்துவிட மாட்டேன். இதே ஆசிரியரின் 'அயாக்ஸ்' நாடகத்தில், தன்னையே கொல்ல வந்த எதிரியின் பிணத்தை அடக்கம் செய்யவிடு என்று படைத்தலைவன் அகமெம்னானிடம் வாதாடி ஜெயிப்பவன் அவன். ஆன்டிகனி உயிரைக் கொடுத்த அதே காரியம். அதையும் படித்துவிட்டு எழுதுங்கள், கும்பகர்ணன் வேண்டாம்.

அன்புடன்.