அந்த நட்சத்திரம் ஏன் மறைந்தது?

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே ‘பெட்நாப்ஸ் அண்ட் ப்ரூம்ஸ்டிக்ஸ்’ என்ற 1971ஆம் ஆண்டு டிஸ்னி படத்தைப் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்க அந்தப் படம்தான்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. வருடம் 1940. இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. சார்லி, கேரி, பால் என்ற மூன்று பிள்ளைகளை லண்டனிலிருந்து ஒரு கிராமத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவர்களை விருப்பமில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளும் மிஸ் பிரைஸ், அஞ்சல்வழியில் சூனியவித்தை படித்துக்கொண்டிருப்பவர். கட்டில் காலின் குமிழைத் திருகினால் கட்டில் பறக்கும். பாதியிலேயே நின்றுபோன பாடத்தின் கடைசி மந்திரத்தைத் தேடி, அதைச் சொல்லிக்கொடுத்த பிரவுன் என்பவரையும் அழைத்துக்கொண்டு, மிருகங்கள் ஆளும் நபூம்பு என்ற தீவுக்குப் போகிறார்கள். அந்த மந்திரச் சொற்கள் தீவின் ராஜாவான சிங்கம் கழுத்தில் மாட்டியிருக்கும் நட்சத்திரப் பதக்கத்தில் இருக்கின்றன. அந்தத் தீவு முழுக்கக் கார்ட்டூன்.

கேள்வி: ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தை அப்படியே திருப்பி எடுத்திருக்கிறார்கள். அதில் குடை, இதில் துடைப்பம். இதைப் போய் இப்படிப் பாராட்டுகிறீர்களே?

ஜாடை இருப்பது உண்மைதான். ‘மேரி பாப்பின்ஸ்’ குடையில் பறந்து வரும் மந்திர ஆயாவைப் பற்றிய 1964ஆம் ஆண்டு டிஸ்னி படம். இரண்டுக்கும் ராபர்ட் ஸ்டீவன்சன்தான் இயக்குநர். அதில் அப்பாவாக வந்த டேவிட் டாம்லின்சன் இதில் பிரவுனாக வருகிறார். பாட்டுப் போட்டதும் அதே ஷெர்மன் சகோதரர்கள். கடலுக்கு அடியில் வரும் அந்த அழகான பாட்டுகூட முதலில் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்காகப் போட்டு, பயன்படுத்தாமல் எடுத்து வைத்திருந்ததுதான். ஆனால் கதை மேரி நார்ட்டன் எழுதிய வேறு புத்தகங்களிலிருந்து வந்தது.

எனக்குப் பெரிதாகப்படும் வித்தியாசம் இதுதான். மேரி பாப்பின்ஸுக்கு எல்லாம் தெரியும், எதிலும் தவறமாட்டார். மிஸ் பிரைஸ் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். துடைப்பத்திலிருந்து விழுகிறார். மந்திரத்தைக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார். நடு வயதில் புதிதாக ஒன்றைப் படிக்க உட்கார்ந்த பெண்ணை நாயகியாக வைத்த குழந்தைகள் படம் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்? ஏஞ்சலா லான்ஸ்பரி அந்தக் கூச்சத்தையும் பிடிவாதத்தையும் முகத்தில் வைத்திருக்கும் விதத்துக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். 1991இல் வந்த ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ படத்தில் தேநீர்க் கூஜாவாகப் பேசிப் பாடுவதும் இவர் குரல்தான்.

கேள்வி: எட்டு வயது மகனோடு பார்த்தேன். பத்தே நிமிடத்தில், “அம்மா, அது சும்மா வரைஞ்ச சிங்கம், இவங்க நிஜ ஆளு, ஒட்டி வச்சிருக்காங்க” என்று எழுந்து போய்விட்டான். கணினி வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டத்தான் வேண்டுமா?

உங்கள் மகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். வரைந்த சிங்கம்தான், ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அதை மறைக்க அந்தப் படம் முயலவே இல்லை. சிங்கராஜா அசல் சிங்கம் என்று நம்பச் சொல்லவில்லை. வரைந்த சிங்கத்தின் முன்னால் ஓர் ஆள் நிஜமாகவே பயந்து நிற்கிறார் என்று நம்பச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு.

நான் இதை உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பகுதியை எழுத வருவதற்கு முன் எட்டு வருடம் கார்ட்டூன் படங்களுக்கு வண்ணம் பூசும் வேலை பார்த்தேன். செல் என்று சொல்வோம், கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். வண்ணத்தைத் தூரிகையால் தேய்க்கக் கூடாது. சொட்டாக வைத்து, கோட்டின் பாதி அகலம் வரை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தேய்த்தால் தாளைத் திருப்பும்போது தூரிகைத் தடம் தெரியும். கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் வெட்டிவிட்ட வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வோம், தாளில் கைரேகை படக் கூடாது என்று. ஒரு தாளுக்கு மேல் இன்னொரு தாளை அடுக்கும்போது அடியில் இருப்பதன் நிறம் ஒரு சாயல் மங்கும். அதனால் ஒரே முயலின் காதுக்கு, அது எத்தனையாவது அடுக்கில் வருகிறது என்று பார்த்து, வேறு வேறு டப்பாவிலிருந்து வண்ணம் எடுப்போம்.

நடிகரோடு சேரும் காட்சி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. நிழல். மிருகத்தின் காலுக்கு அடியில் விழும் நிழல் தனித் தாளில் வரும். முதல் மாதம் அதை நான் அலட்சியமாகப் பூசினேன். எங்கள் மேற்பார்வையாளர் அம்மா நிழல் தாளை எடுத்துவிட்டு அந்தக் காட்சியைக் காட்டினார். நாய்க்குட்டி தரையில் நிற்காமல் காற்றில் மிதந்தது. தாளைத் திரும்ப வைத்ததும் அதற்கு எடை வந்துவிட்டது. ஒரு சாம்பல் நிறத் திட்டு, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் படம் பார்த்தாலும் என் கண் முதலில் காலடிக்குத்தான் போகும்.

உங்கள் மகனோடு இன்னொரு முறை உட்காருங்கள். கதை வேண்டாம், தீவில் மிருகங்கள் ஆடும் அந்தக் கால்பந்து ஆட்டத்தை மட்டும் போடுங்கள். பிரவுன் நடுவராக நிற்பார், மிருகங்கள் அவரை மிதித்துக்கொண்டே ஓடும். அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். படம் பிடித்தபோது அங்கே ஒரு மிருகமும் கிடையாது. இல்லாத ஒன்றின் கண்ணை, அதன் உயரத்தைச் சரியாகக் கணக்கிட்டு அவர் பார்க்கிறார். பல மாதம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் பார்வைக்கு நேராக ஒரு கண்ணை வரைகிறார். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை எழுந்து போகாது என்பது என் அனுபவம்.

கேள்வி: சரி, அந்தக் காலத்தில் நடிகர்களைப் பின்னணியிலிருந்து எப்படித்தான் பிரித்து எடுத்தார்கள்? இப்போது இருக்கும் பச்சைத் திரைதானா?

இல்லை, அது மஞ்சள். நடிகருக்குப் பின்னால் வெள்ளைத் திரை கட்டி, அதன்மேல் சோடியம் ஆவி விளக்கின் ஒளியைப் பாய்ச்சுவார்கள். தெருவிளக்கில் பார்த்திருப்பீர்களே, அந்த மஞ்சள். சோடியத்தின் ஒளி கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் அலைநீளம் என்ற மிகக் குறுகிய இடத்தில் மட்டும் இருக்கும். கேமராவுக்குள் இருந்த பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அனுப்பும், மீதி ஒளி கலர் ஃபிலிமுக்குப் போகும். ஒரே நேரத்தில் நடிகரின் படமும் கிடைக்கும், அவர் உருவத்துக்கு அச்சு வெட்டியது போன்ற நிழலுருவும் கிடைக்கும். நீலத் திரையில் எடுத்தால் தலைமுடி ஓரத்தில் நீலம் ஒட்டிக்கொள்ளும். இதில் ஒட்டாது. ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் தொப்பியிலிருந்து தொங்கும் மெல்லிய வலைத்துணிக்குள் பின்னணி தெரியும், பாருங்கள், இந்த முறையின் அருமை புரியும். இதை உருவாக்கியதற்காக பெட்ரோ விலாஹோஸ், வாட்ஸ்வொர்த் போல், அப் ஐவர்க்ஸ் மூவருக்கும் ஆஸ்கார் கொடுத்தார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: நீளம்! கார்ட்டூன் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. நீங்கள் எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்?

இரண்டையும். நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் திரையிடுவதற்காகப் படத்தை 117 நிமிடமாக வெட்டினார்கள். வெட்டிய பகுதிகளைத் தேடிப் பிடித்து 1996இல் சேர்த்தது 139 நிமிடம். சேர்த்த சில இடங்களுக்கு ஒலிப்பதிவு கிடைக்காததால் புதிதாகக் குரல் கொடுத்தார்கள், அந்த இடங்களில் குரல் கொஞ்சம் மாறுவது காதுக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு 117தான் சரி. லண்டன் சந்தைத் தெருவான போர்ட்டபெல்லோ சாலையில் வரும் நடனம் நீளமான பதிப்பில் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கும், ஆனால் ஆறு வயதுப் பிள்ளையிடம் அதைத் திணிக்கமாட்டேன். கார்ட்டூன் தாமதமாக வருகிறது என்ற குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: சூனியக்காரி, குண்டுவீச்சு, ஜெர்மன் சிப்பாய்கள். இது குழந்தைகளுக்கான படமா?

ஆம். அந்தப் போரைக் குழந்தைகளே நேரில் பார்த்தார்கள் அல்லவா? 1939 செப்டம்பரில், முதல் சில நாட்களிலேயே சுமார் 15 லட்சம் பேரைப் பிரிட்டன் நகரங்களிலிருந்து வெளியே அனுப்பியது. அதில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். பெட்டியும் கையுமாக, சட்டையில் பெயர்ச்சீட்டு குத்திக்கொண்டு, யார் வீட்டுக்குப் போகிறோம் என்று தெரியாமல் போனவர்கள். படத்தில் வரும் மூன்று பேரும் தங்களை வளர்த்த அத்தையைக் குண்டுவீச்சில் இழந்தவர்கள். மூத்தவன் சார்லி எதையும் நம்பமாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறானே, அதைச் சிலர் “அதிகப்பிரசங்கி” என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் நிலையில் இருந்தால் எந்தப் பெரியவர் பேச்சையும் நம்புவது கஷ்டம். நம்பாத வயதைப் பற்றி அவனுக்காகவே ஒரு பாட்டு வருகிறது. ஆஸ்கார் பரிந்துரை வரை போன பாட்டு அது.

கேள்வி: படத்துக்கு ஆஸ்கார் கிடைத்ததா?

ஐந்து பரிந்துரை, ஒரு விருது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் எனும் தந்திரக் காட்சிகளுக்காக. காலியான போர்க்கவசங்கள் தாமாக எழுந்து, உள்ளே ஆளே இல்லாமல் நடந்து வரும் கடைசிக் காட்சி ஒன்றுக்கே கொடுத்திருக்கலாம்.

கேள்வி: தமிழில் இப்படி ஏதாவது?

1989இல் ஏவி.எம். எடுத்த ‘ராஜா சின்ன ரோஜா’. எஸ்.பி.முத்துராமன் இயக்கம். படம் முழுக்க இல்லை, ஒரே ஒரு பாட்டில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் மிருகங்களோடு வருவார்கள். இப்போது போட்டுப் பார்த்தாலும் வீட்டுப் பிள்ளைகள் பாட்டு முடியும்வரை நகர்வதில்லை.

கேள்வி: எனக்கு ஒன்பது வயது. பிரவுன் மாமா சிங்கராஜாவிடமிருந்து நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாரே, வீட்டுக்கு வந்து பார்த்தால் அது இல்லை. ஏன்? எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது கண்ணா. அவர் எவ்வளவு சாமர்த்தியமாக விசிலை மாட்டிவிட்டு நட்சத்திரத்தை எடுத்தார்! ஆனால் அந்த உலகத்துப் பொருள் இந்த உலகத்துக்கு வராது என்பது படத்தில் இருக்கும் விதி. அந்த நட்சத்திரம் வரைந்தது. வரைந்த தீவில் இருக்கும்வரை அதைக் கையில் பிடிக்கலாம். அதில் எழுதியிருந்த ஐந்து சொற்கள் முதலிலிருந்தே சின்னப் பையன் பாலின் படப் புத்தகத்தில் இருந்தன, பார்த்தாயா? அவனை யாரும் கேட்கவே இல்லை.

நீ ஒன்று செய். புத்தகத்துக்கு அட்டை போட வைத்திருக்கும் கண்ணாடித் தாள் ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கு. அழியாத கறுப்புப் பேனாவால் ஒரு குட்டி முயல் வரை, கோடு மட்டும். நன்றாகக் காயட்டும். அப்புறம் தாளைத் திருப்பி, பின்பக்கம் போஸ்டர் கலரில் தண்ணீர் கலக்காமல் கெட்டியாக வண்ணம் வை. தேய்க்காதே, சொட்டாக வைத்துக் கோடு வரை தள்ளு. காய்ந்ததும் முன்பக்கத்தைத் திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார். வெளியே யாராவது நடந்து வரும்வரை காத்திரு. முயல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எனக்கு எழுது.